வழக்கறிஞர் தந்த எழுத்துக் கணக்கு

ஐந்து எக்சும் மூன்று எக்சும் சேர்ந்தால் எட்டு எக்ஸ். ஐந்து எக்சும் மூன்று எக்ஸ் வர்க்கமும் சேர்ந்து ஓருறுப்பாகா. பள்ளியில் பிரம்புக்கு அஞ்சி நாம் கற்ற இந்தப் பாடத்தின் வேரைத் தேடினால், கணித ஆசிரியர் அல்லர், பிரான்சு நாட்டு வழக்கறிஞர் ஒருவரே எதிர்ப்படுகிறார்: பிரான்சுவா வியேத்.

1540ஆம் ஆண்டு பிறந்த அவர், புவாத்தியே நகரில் சட்டம் பயின்று, அரசவையில் உயர்ந்தார். நாடெங்கும் சமயப் போர் மூண்டிருந்த காலம் அது. எதிர்த் தரப்பாரின் வற்புறுத்தலால் அவர் அவையை விட்டு நீங்க நேர்ந்தது. 1589ஆம் ஆண்டில்தான் மீண்டும் அழைப்பு வந்தது. பதவி இழந்தவர்கள் புலம்பித் திரிவதுதானே வழக்கம்? வியேத்தோ அந்த ஆண்டுகளைக் கணக்கிலே செலவிட்டார். அதன் விளைவான பகுப்பாய்வுக் கலை பற்றிய சிறுநூல் 1591இல் வெளிவந்தது.

அறியாத எண்ணுக்குப் பெயரிடும் வழக்கம் புதிதன்று. நம் பிரம்மகுப்தர் நிறங்களின் பெயரையே இட்டார். வியேத் செய்த புதுமை, அறிந்த எண்ணுக்கும் எழுத்தைக் கொடுத்தது. அறியாததற்கு உயிரெழுத்து, அறிந்ததற்கு மெய்யெழுத்து. அதுவரை ஒவ்வொரு கணக்கும் தனித்தனிக் கணக்கு. அதன் பின் ஒரு வாய்பாடு ஆயிரம் கணக்குகளுக்கு விடை சொல்லிற்று. இயற்கணிதத்திற்கு அட்சரகணிதம் என்றொரு பழம்பெயர் நம்மிடம் உண்டு; அது இவருக்கே மிகப் பொருந்தும்!

நீளத்தோடு நீளமும் பரப்போடு பரப்புமே கூடும் என்பது அவர் விதித்த கட்டளை. எக்சையும் எக்ஸ் வர்க்கத்தையும் கூட்டல் குறியிட்டு நாம் அருகருகே எழுதியாவது வைக்கிறோம். அவர் அதற்கும் இசையார். பெருக்கலுக்கு மட்டும் தடையில்லை. நீளம் பரப்பைப் பெருக்கினால் கன அளவு. அடுக்கு ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்று.

பிரான்சில் 45ஆம் படிச் சமன்பாடொன்றைத் தீர்க்க ஆளில்லை என்று நெதர்லாந்துத் தூதர் இகழ்ந்தாராம். வியேத் அங்கேயே ஒரு விடை சொல்லி, மறுநாள் மேலும் 22 விடைகளை நீட்டினார் என்பர். ஸ்பெயின் மன்னரின் மறைமொழிக் கடிதங்களையும் அவர் உடைத்துப் படித்தார். இது மாந்திரிகமே என்று அம்மன்னர் போப்பாண்டவரிடம் முறையிட்டதாகவும் ஒரு கதை உண்டு.

எழுத்தைத் தந்தவர் அடுக்கை மட்டும் வர்க்கம், கனம் என்று சொல்லாலேயே எழுதி வந்தார். 1603இல் பாரிசில் அவர் மறைந்தார். எழுத்தின் தோளில் சிறு எண்ணை ஏற்றும் இன்றைய முறை, தேக்கார்த்தின் நூல்வழி 1637இல் வந்தது.