ஆசியாவைக் கண்ட அறிஞர்

செவ்வாய்க் கோளுக்கும் வியாழக் கோளுக்கும் இடையே எண்ணிறந்த சிறுகோள்கள் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் ஆசியா. அது கல்லாலாயது, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறுக்களவு உடையது, ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு கொள்வது. அதனைச் சென்னையிலிருந்து கண்டறிந்த அறிஞர் நார்மன் இராபர்ட்டு போக்சன் ஆவார்.

இவர் 1829ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு நாட்டிங்காம் நகரில் பிறந்தார். ஆக்சுபோர்டு நகரத்து வானாய்வுக் கூடத்தில் பணிபுரிகையில் மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்தார். விண்மீன்களை ஒளிக்கேற்ப ஆறு தரமாகப் பிரித்தல் பண்டைக் கிரேக்கர் வழக்கம். முதல் தரத்து மீன் ஆறாம் தரத்து மீனினும் நூறு மடங்கு ஒளியுடையது எனக் கொண்டு, அத்தரங்களுக்குத் திட்டமான அளவை இவர் 1856இல் வகுத்தார். இன்றும் உலகத்து வானநூலார் அம்முறையையே கைக்கொள்கின்றனர்.

1861ஆம் ஆண்டு, சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தின் தலைவராய்ப் போக்சன் பொறுப்பேற்றார். சிறுகோள் தொலைநோக்கியிலும் மங்கிய மீன்போலவே தோன்றும். ஆயினும், விண்மீன்கள் நிலைத்து நிற்பனபோல் காணப்பட, சிறுகோள் மட்டும் நாளும் சிறிது நகரும். ஆதலின், விண்மீன் படத்தை வானோடு இரவுதோறும் ஒப்பிட்டு, படத்தில் இல்லாத ஒளிப்புள்ளியைத் தேடுதல் வேண்டும். இவ்வாறு கண்விழித்து உழைத்த அவர், அவ்வாண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் அத்தகைய புள்ளி ஒன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதல் கண்டறியப்பட்ட சிறுகோள் அதுவே. அதனாலேயே அப்பெயர் பெற்றது. பின்னர் வேறு நான்கு சிறுகோள்களையும் சென்னையிலிருந்தே கண்டறிந்தார்.

கூடத்தில் உதவியாளர் சிலரே இருந்தனர். அவருள் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ் பெற்றார். போக்சனின் மகளார் ஐசிசு அம்மையாரும் 1873 முதல் தந்தையார்க்கு உதவியாளராய்ப் பணிபுரிந்தார்.

விண்மீன்களின் இடங்களைப் போக்சன் 1862 முதல் 1887 வரை அளந்தார். அளவைகள் மலைபோற் குவிந்தன. அவற்றைக் கணித்து அச்சேற்றும் வேலையோ பின்தங்கியது. 1891ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் அவர் சென்னையிலேயே உயிர்நீத்தபோது அப்பணி முற்றுப்பெறவில்லை. அவர்க்குப் பின்வந்த மிச்சி சுமித்து என்பார் எஞ்சியவற்றை அச்சிட்டு நிறைவேற்றினார்.

தம் உழைப்பின் பயனை முழுதும் காணும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும், செம்மையாய்ச் செய்த பணி, செய்தவர் மறைந்த பின்னும் பிறர் கையில் வளரும். முப்பது ஆண்டு சென்னை வானை நோக்கியிருந்த போக்சனின் வாழ்க்கை இதனை நமக்கு உணர்த்துகின்றது.