தந்தை பெறாத கல்வி

எந்திரியாக வரவேண்டும் என்ற ஆசை எம் வாலிபர் பலருக்கு உண்டு. அவ்வாசை பிள்ளைப் பருவத்தில் எங்கே வேர்விடுகிறது என்பதற்கு ஜோர்ஜ் ஸ்ரீவன்சன், அவர் மைந்தர் றொபேட் ஆகிய இருவரின் சரித்திரம் தக்க சான்றாகும்.

ஜோர்ஜ் 1781ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் வைலம் என்னும் சுரங்கக் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் சுரங்க நீரை இறைக்கும் நீராவி எந்திரத்துக்கு நிலக்கரி இடும் தொழிலாளர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப அவர் பெற்ற கூலி போதவில்லை. வீட்டு வாசலுக்கு முன்னே மரத் தண்டவாளங்களின்மீது குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துச் செல்லும். மாடு மேய்க்கப் போன சிறுவன் களிமண்ணால் எந்திரம் செய்து விளையாடினான் என்பர். பதினேழாம் வயதில் எந்திரத்தை இயக்கும் பொறுப்பே கிடைத்துவிட்டது. தம் பெயரை எழுத மட்டும் அப்போதும் தெரியாது. பதினெட்டாம் வயதிலேதான், வேலை முடிந்தபின் இராப் பாடசாலைக்குச் சென்று எழுத்தும் கணக்கும் கற்றார்.

1803இல் றொபேட் பிறந்தார். மூன்றாண்டுக்குள் தாயார் காலமானார். தாம் பட்ட குறை மகனுக்கு வரலாகாதெனத் தீர்மானித்த தந்தை, இரவில் அயலவரின் மணிக்கூடுகளையும் சப்பாத்துகளையும் பழுதுபார்த்துப் பணம் சேர்த்து, அவரை நியூகாசில் நகரப் பாடசாலையிற் சேர்த்தார். றொபேட் கழுதைமீது அங்கே போய்வந்தார். அந்நகரத்து இலக்கிய தத்துவ சங்கத்தின் நூல்களை வீட்டுக்குக் கொணர்வார். மாலையில் இருவரும் சேர்ந்து படிப்பர். 1816இல் இருவரும் கூடிச் சூரிய கடிகாரம் ஒன்றைக் கணித்துச் செதுக்கி, வீட்டு வாயிலின்மேற் பதித்தனர். கணக்கு மகனுடையது, கைத்திறன் தந்தையினது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் றொபேட் எந்திரியாகியிருப்பாரா என்பது ஐயமே. 1819இல் சுரங்கத்திலே தொழில் பழகினார். பின்னர் ஆறு மாதம் எடின்பரோ சர்வகலாசாலையிற் படித்தார்.

தந்தையின் கல்விக்குறையோ அவரை விடவில்லை. 1825இல் லிவர்ப்பூல் - மான்செஸ்ரர் புகையிரதப் பாதை மசோதாவை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவின்முன் தடுமாறினார். நிலமட்ட அளவுகள் பிழையென வெளியாயின. அளந்தவர் உதவியாளரே, எனினும் சரிபாராத குற்றம் அவருடையது. மசோதா தோற்றது. மறுவருடம் வேறொருவரின் அளவைகளோடு அது நிறைவேறியபின், பாதையை அமைக்கும் பொறுப்பு ஜோர்ஜிடமே வந்தது. 1829இல் அப்பாதைக்கென நடந்த போட்டியில் வென்ற றொக்கற் எந்திரம், றொபேட் நியூகாசிலில் நடத்திய தொழிற்சாலையில் உருவானதாகும்.

ஜோர்ஜ் 1848இல் காலமானார். 1859இல் மறைந்த றொபேட்டின் உடல் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.