மெற்போட் வெட்டிய புரி

சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டு என்னிடம் வந்தான். ஐரோப்பிய வரலாற்று நூலொன்றைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன், துப்பாக்கிக் குழலின் உட்சுவரிலே திருகாணியின் மரைபோலச் சுற்றிச் செல்லும்படி வெட்டப்படும் தவாளிப்பை எப்பெயராற் சுட்டுவது என வினவினான். கயிற்றுக்கும் சங்குக்கும் பூணூலுக்கும் வழங்கும் புரி என்னுஞ் சொல்லே இதற்கும் பொருந்தும் என்றேன். அவன் அத்துடன் விடவில்லை. அது வலம்புரியோ இடம்புரியோ என்று மறுகேள்வி போட்டான். இலக்கணத்திலே விடை காண முடியாத கேள்வியாதலின் யான் நூலகத்தை நாடவேண்டியதாயிற்று. அங்கே எதிர்ப்பட்ட பெயர்தான் வில்லியம் எலிஸ் மெற்போட் என்பது.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு நம்மவரை இந்நாட்டு வரலாறு கொண்டுவந்து விட்டது. யானும் அவருள் ஒருவனே. ஆயினும் மெற்போட்டின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, படைக்கலத்தைப் பற்றிப் படிக்கின்றேன் என்னும் எண்ணம் மெல்ல நீங்கிற்று. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு ஆழமேயுள்ள தவாளிப்பொன்றிலே தம் வாழ்நாளைச் செலவிட்டு, அது அரசின் ஏற்பைப் பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே அழிந்து போவதைக் கண்ட மனிதர் ஒருவரே என் கண்முன் நின்றார்.

இங்கிலாந்தின் சமர்செற் மாகாணத்து ரோன்ரன் நகரிலே, 1824ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, மருத்துவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தந்தையாருக்குக் குறிபார்த்துச் சுடுதலிலே பெருவிருப்பு. வீட்டை அடுத்த வயல்வெளியிலேயே சிறுவனாகிய மெற்போட் இலக்கு நாட்டிச் சுட்டுப் பழகினார். சேர்போன் பாடசாலையிலே கற்றபின் புகையிரதப் பாதை அமைக்கும் பொறியியல் தொழிலிலே பயிற்சி பெற்றார். துப்பாக்கி அவருக்கு என்றுமே சோறு போட்ட தொழிலன்று. ஓய்வு நேரத்து ஆராய்ச்சியாகவே அது தொடங்கிற்று.

1852ஆம் ஆண்டின் இறுதியில், அடிப்புறம் குடைந்த ஈயக் குண்டொன்றை அவர் வகுத்தார். வெடிமருந்து எரிந்தவுடன் குடைவு விரிந்து குண்டு புரியைப் பற்றிக்கொள்ளும். அதனை அரசினர் ஏற்றபோது 1000 பவுண் பரிசு கிடைத்தது மெற்போட்டுக்கன்று. அதனை வெளிக்கொணர உதவிய பிறிற்செற் என்னும் துப்பாக்கித் தொழிலாளருக்கே.

1856இல் மணமுடித்த அவர், மறு ஆண்டின் தொடக்கத்திலே கிழக்கிந்தியப் புகையிரதப் பாதையில் உத்தியோகம் ஏற்றுக் கங்கைக் கரையிலுள்ள மொங்கீருக்குச் சென்றார். மீர் காசிம் நவாபின் காலந்தொட்டுத் துப்பாக்கித் தச்சருக்குப் பெயர்போன ஊர் அது. சென்ற வேளையோ 1857. சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டது. ஊர்க்காவல் ஏற்பாடுகளில் அவர் முன்னின்றார். வெயிலும் ஓயாத உழைப்பும் உடலைக் குலைத்தன. ஓராண்டளவிலே தாய்நாடு திரும்பினார். இழந்த உடல்நலம் பின்னர் முழுமையாக மீளவேயில்லை.

வெடிக்கும் குண்டு ஒன்றையும் அவர் வகுத்ததுண்டு. 1863இல் ஆங்கில அரசு அதனை ஏற்றது. 1868ஆம் ஆண்டு சென்பீற்றர்ஸ்பேர்க்கில் வல்லரசுகள் கூடிச் சிறு படைக்கலங்களில் அத்தகைய குண்டுகளை விலக்கியபின் அது கைவிடப்பட்டது. அவருடைய ஆக்கங்களுள் கைவிடப்பட்டமைக்காக யான் மகிழ்வது இது ஒன்றற்கே.

இனி அவருடைய புரிக்கு வருவோம். அக்காலத்து வெடிமருந்து கரிமருந்து. வெடியுப்பும் கரியும் கந்தகமுங் கலந்தது. எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது வாயுவாகாது திண்மக் கழிவாகவே எஞ்சும் என்பதை நோபிளும் ஏபலும் பிற்காலத்தில் அளந்து காட்டினர். குழலின் தவாளிப்பு ஆழமாயும் மூலைகள் கூர்மையாயும் இருந்தால் அக்கழிவு மூலைதோறும் இறுகும். சில வெடி தீர்ந்ததும் குண்டு தடம் புரளும், துடைத்தெடுப்பதோ பெரும்பாடு. ஆழ்ந்த புரி இருந்தாற்றான் குண்டு சுழலும் என்று பலரும் நம்பிய காலத்திலே மெற்போட் அதனை மறுத்தார். குண்டின் ஈயத்தைச் சற்றே கடினமாக்கி மெல்லிய கடதாசி சுற்றி விட்டால், வெடிப்பின் உந்துதலாலே அது பருத்து மிக ஆழங் குறைந்த தவாளிப்பையும் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. 1865இல் வெளிவந்த அவருடைய முதற் போட்டித் துப்பாக்கியிலே ஆழமற்ற ஐந்து தவாளிப்புகளே இருந்தன. பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் அவர் குழல்களைச் செய்தளித்தார். லெஸ்ரர் மாவட்டத்துச் சேர் ஹென்றி ஹல்போட் அவற்றாற் சுட்டுப் போட்டிகளில் வென்று பெயரை நாட்டினார். இவ்விருவரின் நட்பு நெடுங்காலம் நீடித்தது.

1888ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆங்கிலப் படைக்குப் புதிய றைபிள் தெரிவாயிற்று. ஆணியும் தோட்டாப் பெட்டியும் லீ என்பாருடையவை, குழல் மெற்போட்டுடையது. இருவர் பெயருஞ் சேர லீ மெற்போட் எனப்பட்டது. குழலின் விட்டம் 0.303 அங்குலம். மூலைகள் மழுங்கிய ஏழு தவாளிப்புகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகச் செல்லும். சுடுபவன் பக்கமிருந்து நோக்கினால் அவை இடப்புறமாகச் சுழன்று முன்னேறும். ஆகவே என் மாணாக்கனின் கேள்விக்கு விடை, இடம்புரி.

பரிசும் புகழும் வந்த அந்நாளிலேயே கேடும் உடன் வந்தது. பிரான்சிலே வியேய் என்பார் 1884இல் புகையற்ற மருந்தைக் கண்டு, 1886இல் அந்நாட்டுப் படை அதற்குரிய துப்பாக்கியையும் பெற்றுவிட்டது. ஆங்கிலேயரும் அத்தகைய மருந்தை நோக்கியே சிறுவிட்டக் குழலைத் தெரிந்தனர். மருந்து ஆயத்தமாகாமையாற் கரிமருந்தை இறுக்கியே முதலில் தோட்டா செய்தனர். ஏபலும் டீவாரும் வகுத்த கோடைற் 1891இல் படைக்கு வந்தது. கரிமருந்து ஏறத்தாழ 70 கிறெயின் செய்த வேலையை ஏறத்தாழ 30 கிறெயின் கோடைற் செய்தது. குண்டின் வேகமும் செக்கனுக்கு ஏறத்தாழ 1830 அடியிலிருந்து 1970 அடியளவுக்கு உயர்ந்தது. குழலிலே அழுக்கு இல்லை, புகை இல்லை. எந்தக் கழிவை வெல்லுதற்காக மெற்போட் தம் தவாளிப்பை மழுக்கி ஆழங் குறைத்தாரோ அந்தக் கழிவே இல்லாதொழிந்தது.

அதற்குப் பதிலாக வந்தது தீ. கோடைற்றிலே நூற்றுக்கு 58 பங்கு நைற்றிரோகிளிசரின். அது எரியும்போது எழும் வாயுவின் வெப்பம் உருக்கு உருகும் வெப்பத்தினும் மிக்கது. கணப்பொழுதே தாக்கினும் குழலின் மேற்றோல் அதனை அறியும். ஒவ்வொரு வெடியிலும் அத்தோல் சுட்டு விரிந்து உடனே குளிர்ந்து சுருங்குகிறது. வற்றிய குளத்தின் அடிச்சேறு வெடித்துப் பாளம் பாளமாவதுபோல உட்சுவரிலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். பின்வரும் வாயு அவ்வெடிப்புகளின் விளிம்பை அரித்துச் செல்லும். இவ்வரிப்பு முதலிற் காண்பது குண்டு புரிக்குள் நுழையும் வாயிலிலே, அதாவது குழலின் தொண்டையிலே. ஆழ்ந்த தவாளிப்பாயின் சிறிது தேய்ந்தாலும் எஞ்சியது குண்டைப் பிடிக்கும். மெற்போட்டின் தவாளிப்பிலோ தேய்வதற்கு முதலே இல்லை. சில ஆயிரம் வெடிகளிலேயே குழல் குறியிழந்தது.

குழலின் ஆயுளை நீட்டுதற்கு அக்காலத்தார் மேற்கொண்டவை பலவாறானவை. முதலாவது புரியை மாற்றியது. 1895இல் என்பீல்ட் தொழிற்சாலை ஐந்து தவாளிப்புகளை, சற்று ஆழமாக, மூலைகள் சதுரமாக வெட்டியது. இடம்புரியும் 10 அங்குலச் சுற்றும் மாறவில்லை. பெயர் மட்டும் லீ என்பீல்ட் என மாறிற்று. மெற்போட்டின் பெயர் உதிர்ந்தது.

அடுத்தது மருந்தைக் குளிர்வித்தது. 1901இல் வந்த திருந்திய கோடைற்றிலே நைற்றிரோகிளிசரின் நூற்றுக்கு 30 பங்காகக் குறைக்கப்பட்டது. வெப்பங் குறைந்தது, அரிப்புங் குறைந்தது. இங்கே ஒரு வேடிக்கை. கோடைற்றிலே 5 பங்கு வசலீன் சேர்த்தது குழலுக்கு எண்ணெயிட்டாற்போல் வழுக்கும் என்னும் எண்ணத்தினாலாம். வழுக்கும் பணியை அது செய்ததோ இல்லையோ, களஞ்சியத்திலே மருந்து கெடாமல் நெடுநாள் இருக்கச் செய்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

எஞ்சியது போர்வீரனின் கையில் இருந்தது. தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறிய நிலையில் மேலுஞ் சுடுவது அரிப்பை விரைவாக்கும். இடைவிட்டுக் குளிரவிட வேண்டும். பற்றுவாயிலுள்ள மருந்து எரிந்து விட்டுச் செல்லும் உப்பு எண்ணெயிற் கரையாது, நீரிற் கரையும். ஆதலாற் கொதிநீர் ஊற்றிக் கழுவி உலர்த்தியபின்னரே எண்ணெய் இடவேண்டும். இதை அறியாதார் எண்ணெயை மாத்திரம் பூசி வைத்து, சில நாளில் உள்ளே துருவைக் கண்டனர். துடைக்குங் கயிற்றைக் கோணலாக இழுப்பின் குழலின் வாய் ஒருபுறம் தேயும். சுட்டுத் தேய்ந்த குழல்களோடு துடைத்தே தேய்ந்த குழல்களும் உண்டு என்று படித்தபோது, பாத்திரம் விளக்கும் நம் வீட்டுப் பெண்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மெற்போட் பிழை செய்தாரா என்னும் கேள்வி இவ்வரலாற்றை எழுதுவார்க்கு எழாமற் போகாது. யான் அவ்வாறு கருதவில்லை. கரிமருந்து கேட்ட கேள்விக்கு அவர் அளித்த விடையிலே குற்றமில்லை, கேள்வியே மாறிவிட்டது. ஜப்பானியர் தம் அரிசாக்கா றைபிளிலே அவர் முறைப் புரியையே வெட்டினர். பின்னர் அந்நாட்டிலேயே குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசி அரிப்பைத் தடுத்தனர். இன்று சில கைத்துப்பாக்கிகளிலே மூலையற்ற பன்முகப் புரி வழங்குகிறது. அதன் முன்னோடியாக மெற்போட்டின் பெயரைச் சொல்வர். வேகம் மிகுந்த தோட்டாவிற்கு அளவான மருந்தும் குளிர்ந்த குழலுமே இன்றும் ஆயுள் தருவன.

1892ஆம் ஆண்டளவிலே நோய் அவரை முற்றாக ஆட்கொண்டது, ஆராய்ச்சி நின்றது. என்பீல்ட் புரி தம் புரியின் இடத்தைப் பிடித்தபோது அவர் நோயாளியாகவே இருந்தார். 1897இல் ஹல்போட்டும் காலமானார். 1899ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி தென்னாபிரிக்காவிலே போவர் போர் மூண்டது. அங்கே சென்ற ஆங்கிலப் படையினர் சிலர் கையில் லீ என்பீல்ட்டும் வேறு சிலர் கையில் லீ மெற்போட்டும் இருந்தன. மூன்று நாள் கழித்து, 14ஆந் திகதி, பிறிஸ்டல் நகரின் றெட்லண்ட் பகுதியிலுள்ள தம் இல்லத்திலே மெற்போட் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 75.