பதினாறில் ஒன்று: எமில் ஃபிஷரின் கதை

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகத்துல இருந்த குளுக்கோஸ் படம் ஞாபகம் இருக்கா? மேலிருந்து கீழே நேரா ஒரு கோடு, அதைக் குறுக்கே வெட்டுற நாலு சின்னக் கோடு. ஒரு பக்கம் ஹெச், இன்னொரு பக்கம் ஓ.ஹெச். வலது, இடது, வலது, வலதுன்னு மனப்பாடம் பண்ணி, பரீட்சையில வரைஞ்சு, ரெண்டு மார்க் வாங்கிட்டு அதோட மறந்திருப்போம். அந்தப் படத்துக்கு ஃபிஷர் புரொஜெக்ஷன்னு பேரு. அந்த ஃபிஷர் யாருன்னு நம்மில் பல பேர் கேட்டதே இல்லை.

காலையில் மெஸ்ஸில் சாப்பிட்டதை வைத்தே அவரை அறிமுகப்படுத்தலாம். இட்லியில் இருக்கும் மாவுச்சத்து உடைந்தால் குளுக்கோஸ். சாம்பாரில் இருக்கும் பருப்பு உடைந்தால் அமினோ அமிலங்கள். பக்கத்தில் இருக்கும் காபியில் காஃபீன். இந்த மூன்றின் உள்கட்டமைப்பையும் உலகத்துக்குக் காட்டியதில் ஒரே மனிதருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எக்ஸ்ரே படமோ கம்ப்யூட்டரோ இல்லாத காலத்தில், கண்ணாடிக் குடுவை, தெர்மாமீட்டர், மைக்ராஸ்கோப், போலரிமீட்டர் மாதிரியான எளிய கருவிகளோடு அவர் இதைச் செய்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை.

வியாபாரத்துக்குச் சரிப்படாத பையன்

எமில் ஃபிஷர் 1852 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியில், பான் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்ஸ்கிர்ஷன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. மகனும் குடும்பத்தின் மரவியாபாரத்துக்கு வரணும்னு அவருக்கு ஆசை. பையனுக்கோ இயற்பியல் மேல் ஆர்வம். கொஞ்ச நாள் கடையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், வேலைக்கு ஆகவில்லை. இவன் வியாபாரத்துக்குச் சரிப்பட மாட்டான், படிக்கவாவது போகட்டும் என்று 1871இல் பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார் அப்பா. வீட்டுத் தொழிலை விட்டுட்டு வேற படிக்கணும்னு போராடுற கதை நமக்கும் புதுசு இல்லையே!

பானில் பென்சீன் வளையத்தைக் கண்டுபிடித்த கெக்குலேயின் வகுப்புகளில் உட்கார்ந்தார். 1872இல் ஒன்றுவிட்ட சகோதரர் ஓட்டோ ஃபிஷரின் பேச்சைக் கேட்டு ஸ்ட்ராஸ்பர்க் போனார். அங்கே அடால்ஃப் வான் பேயர் என்ற ஆசிரியர் கிடைத்தார். அதோடு இயற்பியல் ஆசை போய், கெமிஸ்ட்ரியே வாழ்க்கையாகிவிட்டது. 1874இல் டாக்டர் பட்டம். அடுத்த வருடம், 22 வயதில், ஃபீனைல் ஹைட்ரஸீன் என்ற ஒரு புதுச் சேர்மத்தைக் கண்டுபிடித்தார். அவருக்குப் புகழைக் கொடுத்ததும் உடம்பைக் கெடுத்ததும் இதே சேர்மம்தான்.

1883இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் தன் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்க அவரை அழைத்தது. இன்றைக்கு அது எப்பேர்ப்பட்ட பிளேஸ்மென்ட் என்று யோசிச்சுப் பாருங்க. ஃபிஷர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியாபாரத்துக்கு வரவில்லை என்று வருத்தப்பட்ட அதே அப்பாதான், மகன் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆராய்ச்சி செய்யப் பணம் கொடுத்திருந்தார்.

பாகும் படிகமும்

அந்தக் காலத்தில் சர்க்கரை வகைகளை ஆராய்வது கெமிஸ்டுகளுக்குப் பெரிய தலைவலி. வெல்லப்பாகு காய்ச்சுவதைப் பாத்திருப்பீங்க. ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான். சுத்தம் செய்யப் பார்த்தால் பிசுபிசுவென்று பாகாகவே நிற்கும், படிகமாக மாறவே மாறாது. படிகம் கிடைக்காவிட்டால் சுத்தமான பொருள் கையில் இல்லை, உருகுநிலை பார்க்க முடியாது, இது வேறு அது வேறு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

1884இல் ஃபிஷர் தன் ஃபீனைல் ஹைட்ரஸீனை சர்க்கரைக் கரைசலில் சேர்த்துச் சூடாக்கினார். அழகான மஞ்சள் படிகங்கள் விழுந்தன. அவற்றுக்கு ஓசசோன் என்று பெயர் வைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லாக்டோஸுக்கு ஒரு வடிவம், மால்டோஸுக்கு வேறு வடிவம்.

அதிலேயே ஒரு துப்பும் கிடைத்தது. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், மான்னோஸ் என்ற மூன்று வெவ்வேறு சர்க்கரைகளும் ஒரே ஓசசோனைக் கொடுத்தன. ஓசசோன் உருவாகும்போது சர்க்கரையின் முதல் இரண்டு கார்பன்கள்தான் மாறும். அப்படியானால் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் அந்த இரண்டு கார்பன்களில் மட்டும்தான். கீழே இருக்கும் மிச்சம் எல்லாம் அப்படியே ஒன்று.

நாலு பிட் கணக்கு

இப்போ நம்ம பாணியில யோசிப்போம். குளுக்கோஸில் ஆறு கார்பன். நடுவில் இருக்கும் நான்கில் ஒவ்வொன்றிலும் ஓ.ஹெச். வலதில் இருக்கலாம், இல்லை இடதில் இருக்கலாம். அதாவது நாலு பிட். இரண்டின் நான்காம் அடுக்கு, மொத்தம் 16 சேர்க்கை. டச்சுக்காரரான வான்ட் ஹாஃப் 1874இல் சொன்ன முப்பரிமாணக் கார்பன் கொள்கையிலிருந்து வந்த கணக்கு இது. பதினாறில் எது நம் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ்? மூலக்கூறைக் கண்ணால் பார்க்க வழியே கிடையாது.

ஃபிஷர் ஒரு துப்பறிவாளர் மாதிரி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். ஐந்து கார்பன் கொண்ட அராபினோஸ் சர்க்கரையில் ஒரு கார்பனைக் கூட்டினால் குளுக்கோஸும் மான்னோஸும் கிடைக்கும். ஆகவே இவற்றின் கீழ்ப்பகுதி அராபினோஸேதான். அடுத்து அந்த அராபினோஸின் இரண்டு முனைகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து ஒரே மாதிரி ஆக்கினால், வரும் அமிலம் போலரைஸ்டு லைட்டைத் திருப்புகிறதா என்று பார்க்கலாம். மூலக்கூறு மேலும் கீழும் சமச்சீராக இருந்தால் திருப்பாது. திருப்பியது. உடனே சமச்சீரான அமைப்புகள் எல்லாம் பட்டியலிலிருந்து வெளியே போயின.

கடைசியில் இரண்டு அமைப்புகள் மிஞ்சின. எது குளுக்கோஸ், எது மான்னோஸ்? அதற்கும் ஒரு சோதனை வைத்தார். மூலக்கூறின் தலையையும் வாலையும் மாற்றிப் போட்டால், ஒரு அமைப்பு மறுபடி அதுவாகவே வரும். இன்னொன்று வேறு சர்க்கரையாகிவிடும். குளுக்கோஸின் இரு முனைகளையும் மாற்றியபோது குலோஸ் என்ற புதுச் சர்க்கரை வந்தது. விடை கிடைத்தாயிற்று. வருடம் 1891. அதற்கு முந்தைய வருடமே, கொழுப்பின் முதுகெலும்பான கிளிசராலில் தொடங்கி குளுக்கோஸையே செயற்கையாகத் தயாரித்திருந்தார்.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஒரு ஜோடி உண்டு. 16 என்பது உண்மையில் எட்டு ஜோடி. குளுக்கோஸ் எந்த ஜோடி என்று நிரூபித்துவிட்டார். ஜோடியில் எது என்று கண்டுபிடிக்க அன்றைக்கு எந்த வழியும் இல்லை. ஃபிஷர் ஒளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஐந்தாவது கார்பனில் ஓ.ஹெச். வலது பக்கம் என்று வைத்துக்கொள்வோம் என்று ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். டாஸ் போடுவது மாதிரிதான், பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாம் வரையும் அந்தப் படம் இப்படித்தான் வந்தது.

பூட்டு, சாவி, காபி

1892இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே, ஒரே மாதிரி தெரியும் இரண்டு குளுக்கோஸ் சேர்மங்களில் ஒன்றை ஈஸ்டின் என்சைம் உடைக்கிறது, பாதாமில் இருக்கும் என்சைம் மற்றொன்றை மட்டும் உடைக்கிறது என்று கவனித்தார். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, என்சைமுக்கு ஏற்ற வடிவத்தில் மூலக்கூறு இருக்க வேண்டும் என்று 1894இல் எழுதினார். சோறும் வைக்கோலும் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான். இணைப்பு இருக்கும் பக்கம் மட்டும்தான் வேறு. சோற்றுக்கு நம் வயிற்றில் சாவி இருக்கிறது, வைக்கோலுக்கு இல்லை. பின்னாளில் இந்தக் கருத்தில் திருத்தங்கள் வந்தாலும், மருந்து வடிவமைப்பு படிக்கிறவர்களுக்கு இன்றும் முதல் பாடம் இதுதான்.

இன்னொரு பக்கம், சிறுநீரகக் கல்லில் இருக்கும் யூரிக் அமிலம், காபியின் காஃபீன், கோகோவின் தியோப்ரோமின், செல்லின் உட்கருவில் கிடைக்கும் அடினின், குவானின் எல்லாமே ஒரே எலும்புக்கூட்டின் பிள்ளைகள் என்று காட்டினார். அந்த எலும்புக்கூட்டுக்குப் பியூரின் என்று பெயர் வைத்து, 1898இல் அதையும் தயாரித்தார். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஏ, ஜி இரண்டும் இந்தக் குடும்பம்தான்.

சர்க்கரைக்கும் பியூரினுக்குமாக 1902இல் நோபல் பரிசு வந்தது. வேதியியலுக்கான இரண்டாவது நோபல் அது. முதலாவதை வாங்கியவர் வான்ட் ஹாஃப். ஃபிஷரின் ஆசிரியர் பேயருக்கு 1905இல்தான் கிடைத்தது. மாணவன் முந்திவிட்டான்!

அடுத்த இலக்கு புரதம். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று தண்ணீரை இழந்து கைகோத்துக்கொள்கின்றன என்று காட்டி, ஒவ்வொரு வளையமாகக் கோத்து, 1907இல் 18 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியைச் செய்தார். பெப்டைடு என்ற சொல்லே அவர் கொடுத்ததுதான். ஆனால் இயற்கையான புரதங்கள் எவ்வளவு பெரியவை என்பதில் அவர் கணிப்பு தவறிப்போனது. மூலக்கூறு எடை சுமார் 5,000ஐத் தாண்டாது என்று நினைத்தார். நம் ஹீமோகுளோபினே 64,000க்கு மேல்.

வெற்றிக்குப் பின்னால்

இவ்வளவையும் படித்துவிட்டு ஆஹா என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மிச்சக் கதையும் தெரியணும்.

ஃபீனைல் ஹைட்ரஸீன் ஒரு விஷம். தோலைப் புண்ணாக்கும், ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அது தெரியாமல் வருடக்கணக்காக அதை முகர்ந்து, கையில் பட்டு, ஃபிஷருக்குத் தீராத எக்ஸிமா வந்தது. வயிற்றுக் கோளாறும் விடவில்லை. 1880களில் ஒரு வருடம் முழுக்க விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. கெமிக்கல் லேபில் கிளவுஸ் எதுக்கு, ஃப்யூம் ஹுட் எதுக்குன்னு அலுத்துக்கிற நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.

1888இல் ஆக்னஸ் கெர்லாக்கைத் திருமணம் செய்தார். மூன்று மகன்கள். ஏழே வருடத்தில் மனைவி இறந்துவிட்டார். அவர் மறுபடி திருமணம் செய்துகொள்ளவில்லை.

எல்லாவற்றிலும் காலத்தை முந்தியவராகவும் அவர் இருக்கவில்லை. 1907இல் லீஸ மைட்னர் என்ற இளம் இயற்பியலாளர் வந்தபோது, பெண்களுக்குத் தன் ஆய்வகத்தில் இடமில்லை என்றார். அடித்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறையில் மட்டும் வேலை செய்ய அனுமதித்தார். சட்டம் மாறிய பிறகுதான் கதவு திறந்தது. அதன் பின் அவருக்கு ஆதரவாகவும் இருந்தார். அணுக்கருப் பிளவை விளக்கியவர்களில் ஒருவர் பின்னாளில் இதே மைட்னர்தான்.

1914இல் போர் வந்தது. ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஃபிஷரும் கையெழுத்துப் போட்டார். போருக்குத் தேவையான ரசாயன உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் வேலையில் இறங்கினார். அந்தப் போர்க்காலம் அவருடைய இரண்டு மகன்களை எடுத்துக்கொண்டது. ஒருவர் கட்டாய ராணுவப் பயிற்சியால் மனம் உடைந்து 25 வயதில் உயிரை விட்டார், இன்னொருவர் போர்ப் பணியில் இருந்தபோது இறந்தார். ஃபிஷருக்குப் புற்றுநோய். 1919 ஜூலை 15 அன்று, 66 வயதில், தோற்றுப்போன நாட்டின் தலைநகரில் அவர் வாழ்க்கை முடிந்தது.

மிஞ்சிய மகன் ஹெர்மன், அப்பாவின் வழியிலேயே சர்க்கரை வேதியியலில் இறங்கி, பின்னர் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஃபிஷரிடம் ஆய்வு செய்த ஓட்டோ டீல்ஸும் ஓட்டோ வார்பர்கும் பின்னாளில் நோபல் வாங்கினார்கள்.

அந்த டாஸ் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? ஃபிஷர் இறந்து 32 வருடம் கழித்து, 1951இல், நெதர்லாந்தைச் சேர்ந்த பைஃபூட்டும் அவருடைய குழுவும் எக்ஸ்ரே கதிர்களை வைத்து டார்டாரிக் அமில உப்பு ஒன்றின் உண்மையான திசையைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துக் குளுக்கோஸையும் சரிபார்த்தார்கள். ஃபிஷர் தேர்ந்தெடுத்த பக்கம் சரியாகவே இருந்தது. மாறியிருந்தால் உலகத்தில் இருந்த அத்தனை கெமிஸ்ட்ரி புத்தகங்களிலும் படங்களைத் திருப்பி வரைந்திருக்க வேண்டும்.

பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். பதினாறை இரண்டாகக் குறைத்ததில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. அது பல வருட உழைப்பு. நிரூபித்தது எதுவரை, வசதிக்காக வைத்துக்கொண்டது எது என்று அவர் பிரித்துச் சொன்னதால்தான், பின்னால் வந்தவர்களுக்கு எதைச் சோதிக்கணும்னு தெரிந்தது. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அசம்ப்ஷன்ஸ் என்ற தலைப்பை இனி ஒப்புக்கு நிரப்பாதீங்க.