ஸ்பினோஸா கண்ட தன்னலம்

தன்னலம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பது நம் வழக்கம். பிறர் பொருளைக் கவர்வோனையே அச்சொல் நமக்கு நினைப்பூட்டுகின்றது. ஆயினும், தனக்கு மெய்யாக நலந்தருவதை நாடுவதே அறத்திற்கு அடிப்படையெனத் துணிந்துரைத்த ஞானி ஒருவர் ஹாலந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் வாழ்க்கையை நோக்கின், உலகத்தார் நலமெனக் கருதுவன பலவற்றை அவர் வேண்டாவெனத் தள்ளியதையே காண்கின்றோம். இம்முரண்பாடு எமக்கு நெடுநாள் விளங்கவில்லை.

பாரூக் ஸ்பினோஸா 1632-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், போர்த்துக்கலினின்றும் சமயக் கொடுமைக்குத் தப்பிவந்த யூதக் குடியிற் பிறந்தார். தந்தையார் வணிகர், அவர் காலஞ்சென்றபின் மைந்தர் வாணிகத்தைச் சிறிது காலம் நடத்தினார். 1656-ம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ம் நாள், 23 வயதே நிரம்பிய அவரை யூதச் சபையார் தம் கூட்டத்தினின்றும் விலக்கினர். எவரும் அவரோடு பேசலாகாது. அவரிருக்குங் கூரையின்கீழ்த் தங்கலாகாது. அவர் எழுதியதைப் படிக்கலாகாது. ஊர்விலக்கு இன்னதென அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதன்பின் கண்ணாடி வில்லை தேய்க்குந் தொழிலை மேற்கொண்டார். தொலைநோக்கிகளுக்கு அவர் தேய்த்த வில்லைகள் அறிஞரால் மதிக்கப்பெற்றன. தந்தையார் சொத்தில் உடன்பிறந்தார் அவர் பங்கை மறுக்க, அவர் வழக்காடி உரிமையை நிலைநாட்டினார் என்றும், வென்றபின் ஒரு கட்டிலையும் அதன் திரையையும் மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை அவர்களுக்கே விட்டுவிட்டார் என்றும் பழைய வரலாற்றாசிரியர் கூறுவர். நண்பர் குடும்பத்தார் ஆண்டுக்கு 500 கில்டர் அளிக்க முன்வந்தபோது, 300 போதுமென்றாராம்.

இவற்றின் காரணத்தை அவர் இயற்றிய ‘எதிக்ஸ்’ என்னும் நூலிற் காணலாம். நம் மாணவர் க்ஷேத்திர கணிதத்திற் கற்கும் முறையிலேயே, இலக்கணமும் தேற்றமும் நிறுவலுமாக அது செல்கின்றது, படிப்பது எளிதன்று. ஒவ்வொரு பொருளும் தன் இருப்பில் நிலைத்திருக்கவே முயல்கின்றது. மனிதனும் அத்தன்மையனே. ஆனால் அச்சமும் பொறாமையும் ஆட்கொள்ளின், தனக்கு நலம் எதுவென்பதை அவன் அறியான். பகுத்தறிவின்வழி நடப்பவனோ, தனக்கு மிகப் பயன்படுவது அவ்வாறே நடக்கும் பிற மனிதன்தான் எனக் காண்கின்றான். பொன்னை ஒருவன் கொண்டால் மற்றவனுக்கு இல்லை. அறிவோ பலர் பெறினுங் குறைவதில்லை. ஆதலின் தனக்கு விரும்பும் நன்மையைப் பிறர்க்கும் விரும்புதல் கணக்குப்படியே சரியாகின்றது. அவர் விட்டுக்கொடுத்தது துறவன்று, கணக்கே என்பது எமக்கு இங்ஙனந்தான் புலனாயிற்று.

எனினும் அக்கணக்குத் தடுமாறிய நாளும் உண்டு. 1672-ம் ஆண்டு ஹேக் நகரில் டி விட் சகோதரரை மக்கட்கும்பல் கொன்றபோது, அக்கொடியோரை இகழ்ந்தெழுதிய அறிவிப்பை அவ்விடத்திலேயே ஒட்டப் புறப்பட்டாராம். வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்திராவிடின் அவர் உயிர் தப்பியிராது. அச்சினத்திற்காக அவரை நாம் குறைவாக எண்ணவில்லை.

1673-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர அழைத்தது. நாட்டுச் சமயத்தைக் குலைத்தலாகாது என்ற நிபந்தனையின் எல்லை யாதெனத் தெரியாமையால் மறுத்துவிட்டார்.

1677-ம் ஆண்டு பிப்ரவரி 21-ம் நாள் நுரையீரல் நோயால், 44-ம் வயதில் மறைந்தார். மேசையிற் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை நண்பர்கள் அவ்வாண்டே பெயரின் முதலெழுத்துக்களை மட்டுமிட்டு அச்சிட்டனர்; மறு ஆண்டே அந்நூல் ஹாலந்தில் தடுக்கப்பட்டது. சகோதரி ரெபேக்கா அவர் விட்டுச்சென்ற உடைமைக்கு உரிமை கோரி வந்தாள் என்பர். கடன் தீர்த்தபின் மிஞ்சுவது யாதொன்றுமில்லையெனக் கண்டு, உரிமையை விட்டு விலகினாள்.