கேளாத செவிகளும் கிரகாம் பெல்லும்

இரவு 9 மணிக்கு மேல் நம் விடுதியின் மாடிப்படிகளைப் பார்த்தால் ஒரு காட்சி தெரியும். படிக்கு ஒருவராக அமர்ந்து நம் தமிழ் மாணவர்கள் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி, பணம் இருக்கிறதா என்று விசாரிக்கும் அன்னையின் குரல் மலையும் ஆறும் கடந்து கையிலுள்ள கருவிக்குள் வந்து சேர்கிறது. குரலைத் தொலைவுக்குக் கடத்தும் இந்த வித்தையை உலகுக்குத் தந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஆனால், அவருடைய தாய்க்குக் காது சரிவரக் கேளாது, மனைவிக்கோ அறவே கேளாது என்பதைப் பலர் அறியார். தாம் கண்ட தொலைபேசியில் தம் இல்லாளின் காதுக்கு ஒரு சொல்லையேனும் அவரால் அனுப்ப முடிந்ததில்லை. தொலைபேசியைக் கண்டவர் என்று பிறர் புகழ்வதைவிடக் காது கேளாதவர்களின் ஆசிரியர் என்று அறியப்படுவதையே அவர் பெரிதாக எண்ணினார். அந்த ஆசிரியரின் வாழ்க்கையையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்காத்துலாந்தின் எடின்பரோ நகரில் 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் பெல் பிறந்தார். பாட்டனார், தந்தையார் இருவருமே பேச்சுக்கலை ஆசிரியர்கள். தந்தை மெல்வில் பெல், எந்த ஒலியை எழுப்பும்போது நாவும் உதடும் தொண்டையும் எந்நிலையில் நிற்கின்றன என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் ஒரு முறையை வகுத்தவர். தாய் எலைசா ஓவியம் தீட்டுவார். காது மந்தமாயிருந்தும் பியானோ வாசிப்பார். மகனுக்கு இசையின் முதற்பாடம் அவரிடந்தான். மற்றவர்கள் அவருடைய காதுக்குழலில் வாய்வைத்துக் கத்துவார்கள். மகனோ அவர் நெற்றிக்கு அருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவான். அதிர்வு எலும்பின் வழியே சென்று சேரும். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் தாயின் பக்கத்தில் அமர்ந்து, அங்கு நடக்கும் பேச்சையெல்லாம் விரல் எழுத்துக்களால் அவருக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருப்பான். கையால் பேசும் அந்தப் பழக்கம் சிறுவயதிலேயே அவனுக்கு வந்துவிட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1868இல் இலண்டனில் காது கேளாத சிறுவர்கள் சிலருக்குத் தந்தையின் குறிமுறையைக்கொண்டு பேசக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அதற்குமுன் 1867இலும், பின்னர் 1870இலுமாக உடன்பிறந்தோர் இருவரும் எலும்புருக்கி நோய்க்குப் பலியாயினர். எஞ்சிய ஒரு மகனையாவது காப்பாற்ற எண்ணிப் பெற்றோர் அவரை அழைத்துக்கொண்டு 1870இல் கனடாவுக்குக் கப்பலேறினர். அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரிலுள்ள காது கேளாதோர் பள்ளியில் பெல் ஆசிரியர் ஆனார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பதவியும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26. நம்மில் சிலர் அந்த வயதிலும் எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைப்பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்!

பாஸ்டனில் அவரிடம் வந்த மாணாக்கர் இருவரை இங்குக் குறிப்பிட வேண்டும். ஒருவன் ஜார்ஜ் சாண்டர்ஸ். 5 வயதுச் சிறுவன். பிறவியிலேயே காது கேளாதவன். மற்றொருவர் மேபல் ஹப்பர்ட். 5 வயதுவரை நன்றாகக் கேட்டும் பேசியும் வளர்ந்து, செங்காய்ச்சலால் செவியை முற்றும் இழந்தவர். பெல்லிடம் வரும்போது பதின்பருவப் பெண். காது கேட்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் நிலையோ முற்றிலும் வேறு. மேபலுக்கு ஆங்கிலம் முன்பே உள்ளே குடிபுகுந்துவிட்டது. பெற்றோரும் விடாமல் அவரோடு பேசிப் பேசி, உதட்டைப் பார்த்துப் பொருள் அறியும் ஆற்றலை வளர்த்துவிட்டனர். ஜார்ஜுக்கோ பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பதே தெரியாது. பெல் ஒரு கையுறையின்மீது எழுத்துக்களை எழுதிச் சிறுவன் கையில் மாட்டினார். எந்தச் சொல் வேண்டுமோ அதன் எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டவேண்டும். விளையாட்டுப்போலவே பாடம் நடந்தது. ஏனைய குழந்தைகள் தொட்டிலில் கேட்டுக்கேட்டுத் தாமாகவே பெறும் மொழியை, 5 ஆண்டு கழித்து எழுத்தெழுத்தாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது.

காது கேளாமை பறிப்பது ஓசையை மட்டும் அன்று. மொழி வந்து அமரவேண்டிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை அது பறித்துவிடுகிறது. வெளியே புண் இல்லை, நோவு இல்லை. குழந்தை சிரிக்கிறது, மழலைபோல ஏதோ ஒலியும் எழுப்புகிறது. கதவு காற்றில் அடித்தால் அந்த அதிர்வுக்குத் திரும்பிப் பார்க்கிறது. பெற்றோர் ஐயப்படுவதில்லை. பேச்சு வரவில்லையே என்று கவலைப்படத் தொடங்கும்போது 2 வயது தாண்டியிருக்கும். தந்தை பேச நாளாயிற்று, மாமன் பேச நாளாயிற்று என்று நம் பாட்டிமார் தேற்றுவதும் உண்டு. அன்பினால் சொல்வதுதான், ஆயினும் அந்த ஆறுதலால் இன்னும் ஓர் ஆண்டு வீணாகிறது.

தொலைபேசிக் கதை எல்லோரும் அறிந்ததாகையால் விரைந்து கடக்கிறேன். ஒலி எவ்வாறு அலையாகச் செவிப்பறையில் மோதுகிறது என்பதைக் காது கேளாத பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட விரும்பினார் பெல். அதற்காக 1874இல் இறந்த ஒருவரின் காதையே மருத்துவர் ஒருவரிடமிருந்து பெற்றுச் சோதனைகள் செய்தார். மெல்லிய சவ்வு எலும்பை அசைக்குமாயின் ஏன் இரும்பை அசைக்காது என்ற எண்ணம் அங்குதான் அவருக்குப் பிறந்தது. 1876 மார்ச்சு 7இல் உரிமைப்பட்டயம் கிடைத்தது. மூன்றாம் நாளே பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் வாட்சனுக்குக் கம்பிவழியே குரல் எட்டியது. பணம் தந்து ஊக்கியவர்கள் ஜார்ஜின் தந்தையும் மேபலின் தந்தையுமே. 1877 சூலையில் மேபலையே மணந்தார். தொலைபேசிக் கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளில் 10ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை அனைத்தையும் மணமகளுக்குப் பரிசாக எழுதிக்கொடுத்தார்.

நாம் கவனிக்க வேண்டிய கண்டுபிடிப்பு இதற்குப் பின் வந்தது. இரண்டு கம்பிச்சுருள்களை அளவுகோல் பொறித்த ஒரு சட்டத்தில் அமைத்தார். ஒன்றில் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். மற்றொன்றோடு தொலைபேசியின் கேட்கும் பகுதி இணைந்திருக்கும். சுருள்களை விலக்க விலக்க ஓசை தேயும். எந்தத் தூரத்தில் ஓசை மறைகிறதோ அதுவே கேட்பவரின் செவித்திறனுக்கு அளவு. அதுவரையில் கைதட்டியும் மணியடித்தும் பார்த்த சோதனை, இப்போது எண்ணால் சொல்லக்கூடியதாயிற்று. இக்கருவியால் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, செவிக்குறை இருந்தும் வீட்டாரும் ஆசிரியரும் அறியாதிருந்த பிள்ளைகள் பலர் வெளிப்பட்டனர். மந்தபுத்தி என்றும் கவனமில்லாதவன் என்றும் கடைசிப் பலகையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்குக் காதுதான் குற்றமோ!

1881இல் அவருக்கு ஓர் ஆண் மகவு குறைமாதத்தில் பிறந்து, மூச்சுத் திணறி இறந்தது. துயரத்தோடு துயரமாக, மார்பைச் சுற்றிப் பொருத்தி மூச்சை இயக்கும் ஒரு கருவியை அவர் அமைத்தார். 1883இல் இன்னொரு மகவையும் இழந்தார். பெண்மக்கள் இருவரே நிலைத்தனர்.

அதே 1883இல் அவர் செய்த காரியங்கள் இரண்டு. முதலாவது, வாஷிங்டனில் காது கேளாத சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார். கேட்கும் குழந்தைகளும் அதே கட்டடத்தில் பயின்றனர்; விளையாட்டில் இருசாராரும் கலக்கவேண்டும் என்பது நோக்கம். தொலைபேசி உரிமை வழக்குகளின் நெருக்கடியில் இரண்டே ஆண்டில் அது மூடப்பட்டது. இரண்டாவது காரியத்தைச் சொல்லக் கை தயங்குகிறது; ஆனால் மறைப்பது முறையன்று. காது கேளாதவர்கள் தம்முள்ளே மணந்துகொண்டால் காது கேளாத ஒரு தனி மனித இனமே உருவாகிவிடும் என்று அறிஞர் கழகத்தில் ஓர் ஆய்வுரை படித்தார். சைகைமொழியும், அவர்களுக்கென்ற தனி விடுதிப் பள்ளிகளும், காது கேளாத ஆசிரியர்களும் அதற்குத் துணைபோவதாகக் கருதினார். திருமணத்தைச் சட்டத்தால் தடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பேச்சு எத்தனையோ உள்ளங்களைப் புண்படுத்தியது. காது கேளாத பெற்றோருக்குப் பெரும்பாலும் கேட்கும் குழந்தைகளே பிறக்கின்றன என்பதும், காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் கேட்பவர்களே என்பதும் இன்று தெளிவாகத் தெரிந்தவை.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் பேச்சு முறையே வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்திருந்தது. பெல்லின் செல்வாக்கும் அப்பக்கமே நின்றது. அவரை எதிர்த்து நின்றவர் எட்வர்டு காலடெட். வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரியை நடத்தியவர். வியப்பு என்னவெனில், அவருடைய தாயும் காது கேளாதவர். இரு தாய்களின் இரு மக்கள், இரு வேறு முடிவுகள்! தாயின் அருகே அமர்ந்து விரலால் பேசிய அந்தச் சிறுவன், பிற குழந்தைகளின் கையைக் கட்ட எப்படி உடன்பட்டான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேபலின் வெற்றி அவர் கண்ணை மறைத்திருக்கலாம். ஆனால் மேபல் மொழியைப் பெற்றபின் செவியை இழந்தவர். ஜார்ஜைப் போன்றவர்களுக்கு அவர் அளவுகோல் ஆகமாட்டார். இந்த வேறுபாட்டை நேரில் கண்ட ஆசிரியரே அதை மறந்தார் என்றுதான் சொல்லவேண்டும். மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்து அது தள்ளப்பட்டது 2010இல், வான்கூவர் மாநாட்டில். இடையில் 130 ஆண்டுகள் போய்விட்டன.

அவர் செய்த நன்மையும் சிறிதன்று. 1886இல் கண்ணும் காதும் இழந்த 6 வயதுச் சிறுமியைத் தந்தை ஒருவர் அவரிடம் அழைத்துவந்தார். பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதும்படி பெல் வழிகாட்டினார். மறு ஆண்டே ஆசிரியை ஆன் சல்லிவன் அந்த வீட்டுக்கு வந்தார். அந்தச் சிறுமிதான் ஹெலன் கெல்லர். தம் வாழ்க்கை வரலாற்று நூலைப் பின்னாளில் பெல்லுக்கே அவர் உரிமையாக்கினார்.

1922 ஆகஸ்டு 2இல், கனடாவில் நோவா ஸ்கோஷியாவிலுள்ள தம் மலைவீட்டில், 75ஆம் வயதில் பெல் காலமானார். அடக்கம் நடந்தபோது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் ஓய்ந்திருந்தன. ஐந்து மாதத்தில் மேபலும் மறைந்தார். ஓசையின் அளவுக்கு அவர் பெயரையே 1920களில் இட்டனர். நாம் பௌதிக வகுப்பில் படிக்கும் டெசிபல் என்பது பெல் என்னும் அளவின் பத்தில் ஒரு பங்கு.

பெல்லின் கருவிக்கு ஒரு குறை உண்டு. கேட்கிறது, கேட்கவில்லை என்று சோதிக்கப்படுபவரே சொல்லவேண்டும். பிறந்த குழந்தை எப்படிச் சொல்லும்? இதற்கு விடை அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது. நலமான உட்செவி, ஓசையைக் கேட்டதும் தானும் ஒரு நுண்ணிய ஒலியைத் திருப்பி எழுப்புகிறது என்று 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் கண்டார். குழந்தையின் காதில் மெத்தென்ற சிறு முனையைச் செருகி, மெல்லிய ஓசை எழுப்பி, திரும்பிவரும் ஒலியை நுண்ணொலிவாங்கியால் பிடித்துவிடலாம். தலையில் ஒட்டும் மின்வாய்களால், ஓசை நரம்புவழியே மூளைத்தண்டுக்குச் செல்வதைக் காண்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் குழந்தை அழவேண்டியதில்லை, விழிக்கவேண்டியதும் இல்லை. பால் குடித்துத் தூங்கும்போது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

1,000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்குப் பிறவியிலேயே நிலையான செவிக்குறை இருக்கிறது. ஆகவே ஐயம் தோன்றிய குழந்தைகளை மட்டுமன்றி, பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பதே முறை என்று 1993இல் அமெரிக்க வல்லுநர் குழு கூறிற்று. இங்கிலாந்து முழுவதும் 2006இல் அது நடைமுறையாயிற்று. முதல் மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் உதவி என்பது கணக்கு. அந்த உதவி காதுக்கருவியாகவும் இருக்கலாம், சைகைமொழியாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் மைசூர்ப் பேச்சு-செவிப்புல நிறுவனம் 1965இல் தோன்றியது. காது கேளாமைத் தடுப்புத் தேசியத் திட்டம் 2006-07இல் தொடங்கிற்று. குழந்தைகளின் பிறவிக்குறைகளைக் காணும் திட்டம் 2013இல் வந்தது. ஆயினும் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் இச்சோதனை இன்னும் எட்டிவிடவில்லை. கருவியுள்ள மருத்துவமனையிலும் கேட்டால்தான் செய்கிறார்கள் என்ற நிலை பலவிடங்களில் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அக்காள் வீட்டிலோ அண்ணி வீட்டிலோ தொட்டில் கட்டியிருந்தால், காதுச் சோதனை ஆயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆயிற்று, ஆனால் முதல்முறை சரியாக வரவில்லை என்பார்களானால், பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள்; பிறந்த புதிதில் காதினுள் நீர் தங்கியிருப்பதாலும், சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் அப்படி ஆவதுண்டு. ஆனால் இரண்டாம் முறைக்குக் குறித்துக்கொடுத்த நாளில் போனார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் தவறவிடுவது அந்த இரண்டாவது நாளைத்தான்.