பறவை மனிதர் டாக்டர் சலீம் அலி



நம்ம புதியம்புத்தூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ரெடிமேட் துணிதான் ஞாபகம் வரும். ஆனால் துணி வாங்காமல், பஸ் ஏறாமல், விசாவும் எடுக்காமல் வருஷா வருஷம் நம்ம கரிசல் காட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போகிற வெளிநாட்டு விருந்தாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள்தான் வலசைப் பறவைகள்! மழைக்காலத்தை ஒட்டி வரும் இவை பங்குனி, சித்திரையில் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடும். இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்க வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் சலீம் அலி. அவரைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோமா?

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. ஒரு வயசில் அப்பாவையும், மூணு வயசில் அம்மாவையும் இழந்தார். தாய்மாமா அமீருதீன் தியாப்ஜிதான் இவரையும் கூடப் பிறந்தவர்களையும் எடுத்து வளர்த்தார். மாமா பெரிய வேட்டைக்காரர். மருமகனுக்கு விளையாட ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான்! பையன் குருவி சுடக் கிளம்பிவிட்டான்.

ஆமாம் நண்பர்களே, பின்னாளில் பறவைகளைக் காப்பாற்றிய மாமனிதர் சின்ன வயசில் குருவி சுட்டவர்தான்!

வாழ்க்கையை மாற்றிய குருவி

ஒருநாள் சுட்டு விழுந்த சிட்டுக்குருவி வித்தியாசமாக இருந்தது. தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று மாமாவிடம் காட்டினார். மாமாவுக்கே அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு துரையிடம் அனுப்பி வைத்தார்.

பையன் பயந்துகொண்டேதான் போனான். மில்லார்டு திட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளை இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இத்தனை வகைப் பறவையா என்று அசந்துபோன பையன், அன்று முதல் பறவைப் பித்தன் ஆகிவிட்டான். அதட்டி அனுப்பியிருந்தால் ஒரு விஞ்ஞானி நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

சலீம் அலி படிப்பில் முதல் மாணவர் இல்லை. தீராத தலைவலி வேறு. 1913-இல் மெட்ரிக் தேறினார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா போனார். அங்கேயும் கணக்கு வழக்கைவிடக் காட்டுப் பறவைகளைத்தான் அதிகம் பார்த்தார். 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

பட்டம் இல்லாததால் அரசாங்கப் பறவை ஆய்வாளர் வேலை கைநழுவிப் போனது. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. 1928-இல் ஜெர்மனி போய், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பறவையியல் கற்றார். பறவையின் காலில் வளையம் மாட்டும் முறையையும் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1930-இல் ஆசையோடு திரும்பி வந்தால், பணமில்லை என்று அருங்காட்சியகத்தில் அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள்!

வேறு யாராவது என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். சலீம் அலியும் மனைவியும் வாடகை மிச்சம் என்று கடலோரக் கிராமமான கிஹிமுக்குக் குடிபோனார்கள். வீட்டுப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நம்ம ஊரில் பனையிலும் கிணற்றோர மரத்திலும் தொங்குமே, அதே குருவிதான். மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் குருவி வந்து, வீடு பார்ப்பதுபோல் உள்ளே போய்ச் சோதிக்கும். பிடித்தால்தான் குடியேறும். உடனே ஆண் மீதியைக் கட்டி முடித்துவிட்டு, அடுத்த ஜோடிக்காக இன்னொரு கூடு தொடங்கிவிடும். இதை எழுதி வெளியிட்டதும் சலீம் அலி பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. வேலை போன காலத்தில் செய்த வேலைதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது!

ஊர் ஊராக

அதன்பின் ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பறவைக் கணக்கு எடுத்தார். சம்பளம் கிடையாது, வழிச்செலவு மட்டும் போதும் என்று சொல்லிச் செய்த வேலை இது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த குமரிப் பகுதியும் அந்தக் கணக்கெடுப்பில் வந்தது. காடு மேடெல்லாம் கூடவே வந்த மனைவி 1939-இல் இறந்துபோனார். அந்தத் துயரத்திலும் வேலையை விடவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய இவரது படப் புத்தகம் வந்தது. பிறகு அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகள் கொண்ட பறவைக் களஞ்சியத்தை 1974-இல் முடித்தார்.

காலில் ஒரு வளையம்

1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலில் இறந்தார்கள். ரஷ்யாவில் இருந்த ஒரு காய்ச்சல் போலவே இருந்ததால், வலசைப் பறவை மேல் ஒட்டி வந்த உண்ணிகள் கொண்டுவந்திருக்குமோ என்று டாக்டர்களுக்குச் சந்தேகம். 1959-இல் உலக சுகாதார நிறுவன உதவியோடு சலீம் அலி குழு பறவைகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கியது.

எப்படி என்றால், மெல்லிய வலையில் பறவையைக் காயமில்லாமல் பிடிப்பார்கள். எடை, இறக்கை நீளம் எழுதிக்கொண்டு, எண்ணும் முகவரியும் பொறித்த லேசான அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விடுவார்கள். வேறு நாட்டில் யாராவது அதைப் பார்த்துக் கடிதம் போட்டால் வழி தெரிந்துவிடும். நம்ம தமிழ்நாட்டுக் கோடியக்கரை இதற்குப் பேர்போன இடம். சலீம் அலி அதன் அருமையை எடுத்துச் சொன்னார். 1967-இல் அது சரணாலயம் ஆனது. அங்கே வளையம் மாட்டிய பறவைகள் ரஷ்யாவின் சைபீரியா வரை போனது தெரியவந்தது!

சுவையான செய்திகள்

* மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-இல் ஸ்வீடன் மாநாட்டுக்குத் தன் வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்!
* குறட்டை விடுபவர்கள் கூட முகாமில் தங்குவது அவருக்கு ஆகவே ஆகாது.
* பட்டம் வாங்காத இவருக்கு மூன்று பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன.
* 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் பெற்றார். 1976-இல் கிடைத்த உலகப் பரிசுப் பணத்தைப் பம்பாய்க் கழகத்துக்கே கொடுத்தார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார்.
* 1987 ஜூன் 20-இல், 90 வயதில் மறைந்தார். கோயம்புத்தூரில் 1990-இல் தொடங்கிய பறவை ஆய்வு மையத்துக்கு இவர் பெயர்தான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்

பங்குனி மாதம் காலையில் வெளியே போனால் நீங்களே பார்க்கலாம். கருப்பும் ரோஸும் கலந்த சோளப்பட்சிக் கூட்டம் மேகம்போல் திரும்பும். அது கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளியில் குஞ்சு பொரிக்கும் பறவை. சோளத்தைக் கொறிக்கும்தான், ஆனால் வெட்டுக்கிளியையும் புழுவையும் வளைத்து வளைத்துத் தின்னும். பருத்தியும் பயறும் போட்ட சம்சாரிக்கு அது கூலி கேட்காத ஆள்! பூனைப்பருந்துகள் புல்லை உரசுவதுபோல் தாழப் பறந்து எலியும் வெட்டுக்கிளியும் தேடும், ராத்திரி தரையிலேயே படுக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் உள்ளான்களும் பூநாரைகளும் மேயும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது.

ஒன்றை யோசியுங்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கப் போகும் பறவைக்கு வழியில் கட்டுச்சோறு கிடையாது. இங்கே தின்று உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்கு டீசல். கிளம்பும் நேரத்தில் ஊருணி வற்றியிருந்தாலோ, தரிசுப் புல்லை யாராவது கொளுத்திவிட்டாலோ, அந்த டீசல் நிரம்பாது. ஒரு உண்டிவில் கல் பட்டால் இங்கே ஒரு பறவை மட்டும் சாவதில்லை. அது அங்கே போய் வைக்க வேண்டிய முட்டைகளும் இல்லாமல் போகின்றன. பயனில்லாத தரிசு என்று நாம் நினைக்கிற புல்வெளி, பூனைப்பருந்துக்கு வீடு. அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகிறது.

ஆகவே நண்பர்களே, உண்டிவில்லை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்று ஐந்து கட்டம் போடுங்கள். பேர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் வரைந்து வையுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு சோளப்பட்சி கண்ணில் படவில்லை என்று குறித்தாலே அது ஒரு நல்ல ஆராய்ச்சிதான். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. இரண்டிலும் மாணவர்கள் கலந்துகொள்ளலாம்.

ஏர்கன் பிடித்த கை பேனா பிடித்ததால் ஒரு சலீம் அலி கிடைத்தார். நம்ம வகுப்பிலும் ஒருவர் இருக்கலாம். யார் கண்டது?

பறவைகளைக் காப்போம்! கரிசல் வளம் காப்போம்!